தறியும் மேடையும்

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் போனால் தறிச் சத்தம் காதில் விழும். தறி இருந்தால் மட்டும் போதுமா? நல்ல டிசைன் வேண்டும். விரும்பி வாங்க ஆளும் வேண்டும். இதைப் புரிந்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றிப் படிப்போம்.

அவர் பெயர் ருக்மிணி தேவி. 1904இல் மதுரையில் பிறந்தார். அந்தக் காலத்தில் சதிர் ஆட்டத்தைப் பலர் இழிவாகப் பேசினார்கள். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களும். அவர்களிடம் ருக்மிணி தேவி ஆட்டம் கற்றார். 1935இல் சென்னை அடையாற்றில் மேடை ஏறினார். "பெரிய வீட்டுப் பெண் ஆடலாமா?" என்று எதிர்ப்பு வந்தது. அவர் நிறுத்தவில்லை. 1936இல் கலாக்ஷேத்ரா என்ற பள்ளியைத் தொடங்கினார்.

முதலில் மேடை மாறியது. முன்பு பாடுகிறவர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, கூடவே நகர்வார்கள். அவர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். அடுத்து உடை மாறியது. கோயில் சிலைகளைப் பார்த்து உடையும் நகையும் அமைத்தார்.

உடைக்கு நல்ல துணி வேண்டுமே! 1937இல் நெசவுப் பிரிவு தொடங்கினார். பழைய சேலைகளின் கரையும் நிறமும் மறைந்துகொண்டிருந்தன. அவற்றைத் தேடி எடுத்து மறுபடி நெய்யச் செய்தார். அகலமான கரை, எடுப்பான நிறம். மேடையில் பார்த்த சேலை வீட்டுக்கும் வந்தது. இன்றும் "கலாக்ஷேத்ரா சேலை" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

நம் காளஹஸ்தியின் கலங்காரியும் இப்படித்தான் பிழைத்தது. மூங்கில் குச்சியால் துணியில் படம் எழுதும் வேலை அது. கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை நனைப்பார்கள். பால் இருப்பதால் மை பரவாது. இரும்பும் வெல்லமும் ஊற வைத்தால் கறுப்பு மை கிடைக்கும். இந்தத் தொழில் நலிந்துபோனது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது. பின்னாளில் கலாக்ஷேத்ராவிலும் கலங்காரிப் பிரிவு ஏற்பட்டது.

ருக்மிணி தேவி 1986இல் காலமானார். அவர் பெயர் நிலைத்தது. சேலைக்கும் பெயர் வந்தது. ஆனால் அதை நெய்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சேலை வாங்கும்போது நெய்த கையையும் நினைப்போம்.

கலந்து பேசுங்கள்:
1. கலங்காரித் துணியைப் பாலில் ஏன் நனைக்கிறார்கள்?
2. உங்கள் ஊரில் மறைந்துவரும் கைத்தொழில் எது? அதைக் காக்க என்ன செய்யலாம்?