ஒரே மேசை, இரண்டு கம்ப்யூட்டர்: மானிட்டர் ஹப்பைப் பங்கிட்டுக்கொள்ளச் சில குறிப்புகள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் மேசை போட இடம் ஒன்றுதான், ஜன்னலோரம். காலையில் அங்கே உட்கார்ந்து டெஸ்க்டாப்பில் தமிழ்த் தட்டச்சு வேலை செய்வேன். பத்து மணிக்கு என் மகள் லேப்டாப்போடு வந்துவிடுவாள். சென்னைக் கம்பெனி வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. முன்பெல்லாம் தினமும் பத்து மணிக்கு ஒரு கலவரம் நடக்கும். என் கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாவற்றையும் பிடுங்கி அவள் லேப்டாப்பில் செருக வேண்டும். மாலையில் திரும்பவும் பிடுங்க வேண்டும். மானிட்டரின் முதுகில் நான்கு யூஎஸ்பி துளைகளோடு ஒரு ஹப் சும்மா கிடக்கிறது என்பதை வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தோம். இப்போது மேசையில் ஒரே ஒரு கீபோர்டுதான். அந்த வகையில் நாங்கள் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் மானிட்டரைத் திருப்பி வைத்து, பின்புறத் துளைகளை அடையாளம் காணுங்கள். கீபோர்டு, மவுஸ் செருகும் சாதாரண நீள்சதுரத் துளைகள் ஒரு வகை. அவற்றோடு, மேல் மூலைகள் இரண்டும் சீவிவிட்டதுபோல் சதுரமாக ஒரு துளை இருக்கும், பிரின்டரில் இருப்பதைப் போல. அதுதான் கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளுக்கான வாசல். புதிய மானிட்டர்களில் அந்த இடத்தில், அல்லது அதோடு கூடுதலாக, யூஎஸ்பி-சி இருக்கும். அந்த வாசலுக்குக் கேபிள் போடாதவரை மற்ற துளைகள் எதுவும் கீபோர்டுக்கு உயிர் தராது. எச்டிஎம்ஐ கேபிளும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் படத்தைக் கொண்டுவரும், ஒலியையும் கொண்டுவரும். யூஎஸ்பியை அவை கொண்டுவராது. "ஹப் கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் இந்த ஒரு கேபிள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் வந்த பெட்டியின் அடியில் பிரிக்காமலே அது கிடக்கும்.

2. ஒரு ஹப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே எஜமான்தான். 1996-இல் யூஎஸ்பி வந்தபோதே வகுத்த விதி இது. ஒரு கம்ப்யூட்டர் தலைமை ஏற்கும். மற்றதெல்லாம் அது கேட்டால் பதில் சொல்லும் கருவிகள். இரண்டு தலைமை அந்தக் கம்பியில் இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், அவர் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டிப் போடும் மண் கன்வேயரில் ஏறி ஸ்ப்ரெடருக்குப் போகிறது, நிலக்கரி பங்கருக்குப் போகிறது. ஒரு பெல்ட்டில் வருவதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நடுவில் ஓர் இடத்தில் முடிவு செய்கிறார்கள். நம் மேசைக்கும் அப்படித் திருப்பிவிடும் ஓர் இடம் வேண்டும். அது மானிட்டருக்குள்ளேயே இருக்கலாம், வெளியே தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

3. மானிட்டரில் சதுர வாசல் ஒன்று, யூஎஸ்பி-சி ஒன்று என இரண்டும் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பெரும்பாலும் திருப்பிவிடும் வசதி உள்ளேயே இருக்கும். லேப்டாப்பை யூஎஸ்பி-சி கேபிள் ஒன்றால் இணையுங்கள். டெஸ்க்டாப்புக்கு இரண்டு கேபிள்: படத்துக்கு எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட், யூஎஸ்பிக்குச் சதுர வாசல் கேபிள். பிறகு மானிட்டரின் பட்டனை அழுத்தி மெனுவுக்குள் போனால் யூஎஸ்பி என்றோ கேவிஎம் என்றோ ஒரு பகுதி தென்படும். எச்டிஎம்ஐ படம் வரும்போது சதுர வாசல், யூஎஸ்பி-சி படம் வரும்போது யூஎஸ்பி-சி வாசல் என்று ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒரு முறை செய்தால் போதும். அதன்பின் படத்தை மாற்றினால் கீபோர்டும் மவுஸும் தாமாகவே கூடப் போகும். பலர் இந்த மெனுவைத் திறந்தே பார்ப்பதில்லை. அது இருப்பது தெரியாமல் தனி ஸ்விட்ச் வாங்கிவிடுகிறார்கள்.

4. வாசல் ஒன்றுதான் என்றால் "யூஎஸ்பி ஷேரிங் ஸ்விட்ச்" வாங்குங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, மேலே ஒரு பட்டன். இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்தும் ஆளுக்கொரு கேபிள் பெட்டிக்கு வரும். பெட்டியின் வெளித்துளை ஒன்றிலிருந்து ஒரே ஒரு கேபிள் மானிட்டரின் சதுர வாசலுக்குப் போகும். பட்டனை அழுத்தினால் மானிட்டர் ஹப் முழுவதும், அதில் செருகியிருப்பவை அத்தனையோடும், மற்ற கம்ப்யூட்டருக்கு மாறிவிடும். படத்தை மட்டும் மானிட்டர் பட்டனில் தனியாக மாற்ற வேண்டும். கீபோர்டு, மவுஸ், பிரின்டர் அளவில் யூஎஸ்பி 2.0 ஸ்விட்ச் தாராளம். அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். ஹப் வழியாகப் பெரிய கோப்புகளை நகலெடுப்பவர்கள் மட்டும் 5 ஜிகாபிட் செல்லும் 3.0 ஸ்விட்ச்சுக்குச் செலவழிக்கலாம். மந்தாரக்குப்பம் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சென்னைக்குப் போகிறவர்களிடம் ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லலாம்.

5. இரண்டு தலையும் ஒரு வாலுமாக விற்கும் ஒய் கேபிளை வைத்து இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே வாசலில் சேர்க்கவே கூடாது. இரு முனையும் ஒரே மாதிரி நீள்சதுரமாக இருக்கும் கேபிளால் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் நேராக இணைப்பதும் அப்படித்தான். இரண்டு பக்கமிருந்தும் 5 வோல்ட் வந்து மோதும், போர்ட் கருகலாம். முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மதர்போர்டை இழக்க வேண்டாம்.

6. பட்டனை அழுத்துவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் ஒரே நொடியில் பிடுங்குவதற்குச் சமம். பென் டிரைவ் செருகியிருந்தால் முதலில் முறைப்படி "எஜெக்ட்" கொடுங்கள். ஜூலையில் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு முன்பு எனக்குத் தட்டச்சு வேலை குவியும். அப்படி ஒரு நாள் கோப்பு பென் டிரைவில் பதிவாகிக்கொண்டிருந்தபோதே, மகளுக்கு மீட்டிங் என்று அவசரத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். நாற்பது பக்கம் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஹப்பில் பென் டிரைவ் வைப்பதையே விட்டுவிட்டோம். கீபோர்டு, மவுஸ், கேமரா மட்டும்தான்.

7. வெளி ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. சுழலும் தட்டு உள்ள டிஸ்க் தொடங்கும் நேரத்தில் அதற்கு மேலும் கேட்கக்கூடும். டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

8. கேபிள் நீளமும் கணக்கில் வரும். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் உச்சம். 3.0 என்றால் 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. டெஸ்க்டாப் பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு நீளக் கேபிளை ஜன்னல் வழியே இழுத்தால் மவுஸ் தடுமாறும். இன்னொன்று: 3.0 சதுர வாசலில் சதுரத்தின் மேல் இன்னொரு சிறு பெட்டி ஏறியிருக்கும். அதில் பழைய பிரின்டர் கேபிளும் உட்காரும், வேலையும் செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான்.

9. யூஎஸ்பி-சி கேபிள்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். போனோடு வந்த கேபிள் பல நேரம் சார்ஜும் மெதுவான டேட்டாவும் மட்டுமே தரும், படத்தைக் கடத்தாது. மானிட்டரோடு வந்த கேபிளை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பின் சி துளை படம் அனுப்பக்கூடியதா என்பதும் முக்கியம். எல்லாத் துளையும் அனுப்பாது. 4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்குதான். நான்கையும் படம் எடுத்துக்கொண்டால் ஹப்பின் யூஎஸ்பி பழைய 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இரண்டை யூஎஸ்பிக்கு விட்டால் சில மானிட்டர்களில் 4கே படம் நொடிக்கு 60 முறைக்குப் பதில் 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் இழுபடுவதுபோல் தெரியும். மெனுவில் தெளிவுக்கு முன்னுரிமையா, டேட்டா வேகத்துக்கு முன்னுரிமையா என்று கேட்கும். எழுத்து வேலை செய்கிறவர்கள் தெளிவையே தேர்ந்தெடுங்கள். கண் முக்கியம்.

10. ஒயர்லெஸ் மவுஸ் துள்ளித் துள்ளிப் போனால் பேட்டரியை மாற்றும் முன் டாங்கிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 துளையும் கேபிளும் வேலை செய்யும்போது எழுப்பும் இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மானிட்டரின் முன்பக்கம் கொண்டுவாருங்கள். அரை அடி நகர்த்தினாலே சரியாகிவிடும்.

11. நைட் ஷிப்ட் வீடுகளுக்காக இது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் விண்டோஸ் டிங் டிங் என்று கத்தும். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுத்தவருக்கு அது பத்து மணிச் சங்கு. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய் "டிவைஸ் கனெக்ட்", "டிவைஸ் டிஸ்கனெக்ட்" இரண்டுக்கும் ஒலி வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும்.

12. கீபோர்டு மாறினாலும் அதன் மொழி கூடப் போகாது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நான் பழகியது 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99. மகள் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுபவள். அவள் லேப்டாப்பில் அவசரத்துக்கு ஒரு வரி அடிக்கப் போனால் எனக்குக் கை ஓடாது. இப்போது இரண்டிலும் இரண்டு முறைகளையும் சேர்த்திருக்கிறோம். மாற்றும் விசையையும் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். புதிய விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே வருகிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

13. மானிட்டர் தன் இஷ்டத்துக்குப் படத்தை மாற்றினால், மெனுவில் இன்புட்டைத் தானாகத் தேடும் வசதியை அணைத்துவிடுங்கள். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பிலும் மாற்றிக்கொள்ளலாம். மானிட்டர் ஓய்வுக்குப் போகும்போது ஹப்பும் அணைந்தால், ஸ்டாண்ட்பையிலும் யூஎஸ்பிக்கு மின்சாரம் தரும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

14. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்க்டாப் செருகியிருக்கும் சாக்கெட்டில் எர்த் சரியில்லை என்றால் அதன் இரும்புப் பெட்டியில் மெல்லிய மின்கசிவு நிற்கும். யூஎஸ்பி கேபிளின் மேலுறை வழியே அது மானிட்டருக்கும் லேப்டாப்பின் உலோக உடம்புக்கும் வரும். கையில் சுருக்கென்று தைத்தால் அதுதான். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துவிட்டு, மூன்றையும் மூன்று பின் உள்ள ஒரே பலகையிலிருந்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அந்தப் பலகையின் பிளக்கையே உருவிவிடலாம். இன்டர்நெட் கேபிளையும் மறக்காதீர்கள். ஹப்பால் இரண்டு கம்ப்யூட்டரும் பிணைந்திருக்கின்றன. ஒன்றில் இறங்குவது மற்றதையும் தொடும்.

15. டெஸ்க்டாப் மக்கர் செய்து பயாஸ் திரைக்குள் போக வேண்டிய நாளில் சில மானிட்டர் ஹப்கள் கைகொடுக்காது. பழைய கீபோர்டு ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள், நேராகச் செருகிக்கொள்ளலாம்.

16. லேப்டாப் கம்பெனியுடையது என்றால் முதலில் அங்கே அனுமதி கேளுங்கள். சில இடங்களில் யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளை அடைத்திருப்பார்கள். அனுமதி இருந்தாலும், வீட்டுப் பென் டிரைவ் ஹப்பிலேயே கிடந்தால் பட்டன் அழுத்தியதும் அது கம்பெனி லேப்டாப்பில் போய் நிற்கும்.

17. ஸ்விட்ச்சும் வேண்டாம், கேபிளும் வேண்டாம் என்பவர்களுக்கு: இரண்டும் விண்டோஸாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் "மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்" ஒரே வைஃபையில் நான்கு கம்ப்யூட்டர் வரை ஒரு மவுஸால் ஆள விடும், இலவசம். ஆனால் கேமராவையோ பிரின்டரையோ அது கொண்டுபோகாது. கம்பெனி லேப்டாப்பில் நிறுவவும் விடமாட்டார்கள். எங்களுக்குப் பட்டன்தான் ஒத்துவந்தது.

18. குவார்ட்டர்ஸ் மாறும்போதோ, ஓய்வுபெற்றுக் காலி செய்யும்போதோ, எதையும் கழற்றும் முன் மானிட்டரின் பின்புறத்தைப் போனில் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பிளாஸ்திரி ஒட்டி, "லேப்டாப்", "டெஸ்க்டாப்" என்று எழுதுங்கள். அந்தச் சதுர வாசல் கேபிளைத் தனிப் பையில் போடாமல் மானிட்டரின் காலிலேயே கட்டிவிடுங்கள். லாரியில் சாமான் ஏற்றும் நாளில் முதலில் தொலைவது அதுதான்.