நற்குணத்துக்குப் புள்ளி போடுவது யார்?



ஒருவர் இறந்து ஓராண்டு நிறைவெய்தும்போது அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும், ஏழைகளுக்கு உணவளிப்பதும், நினைவு மலர் அச்சிட்டு வழங்குவதும் நம்மவரிடையே வேரூன்றிய வழக்கங்கள். பருத்தித்துறைப் பகுதியில் இவற்றோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தம் தாய் தந்தையின் பெயராலோ, எழுத்தறிவித்த ஆசிரியரின் பெயராலோ ஊர்ப் பாடசாலைக்கு ஒரு தொகை அனுப்பிப் புலமைப்பரிசில் ஏற்படுத்துகிறார்கள். கல்லறைக்குப் பளிங்கு பதிப்பதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் 1972இல் இறந்தபின், அவருடைய தேசிய ஞாபகச் சின்னமாக அந்நாட்டுக் காங்கிரஸ் 1975இல் ஏற்படுத்தியதும் ஒரு புலமைப்பரிசிலைத்தான். பொதுப்பணியில் ஈடுபட விரும்பும் மாணவருக்கென அது ஒதுக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பணம் யாருக்கு என்று கேட்டால், நம் ஊரில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: அதிகூடிய புள்ளி பெற்றவருக்கு. நற்குணமும், ஊர்ப்பணியில் முன்நிற்கும் பண்பும் உள்ள பிள்ளைக்கே கொடுக்கவேண்டும் என்று ஒருவர் எழுதிவிட்டால், அதிபர் தொடக்கம் பங்குத்தந்தை வரை எல்லோருக்கும் சங்கடம். புள்ளியைக் கூட்டிப் பார்க்கலாம். குணத்தை எப்படிக் கூட்டுவது? இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

புள்ளியின் ஆட்சி

புள்ளியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 1838இல் பேர்சிவல் பாதிரியார் தொடக்கிய பள்ளியே பின்னர் ஹாட்லிக் கல்லூரியாயிற்று. அன்று முதல் வடமராட்சியில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியது பரீட்சைதான். 1945இல் இலவசக் கல்வி வந்ததும் அந்தப் பாதை இன்னும் அகலமாயிற்று. ஆயினும் இன்றைய நிலையைப் பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பத்து வயதுப் பிள்ளைகளின் படங்களைப் பதாகையாக அச்சிட்டுப் பாடசாலை வாசலில் கட்டுகிறோம். அந்தப் பதாகையில் இல்லாத பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகவேண்டும்.

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சில இடங்களில் பாடசாலைக்குள்ளேயே குடியிருந்தும் போராடினார்கள். பாடசாலை என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல, ஆளை உருவாக்கும் இடம் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அப்படி வாதாடியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், கொடுக்கும் பரிசில்களையெல்லாம் புள்ளிக்கே கொடுத்து வந்தால் அந்த வாதத்தை நாமே கைவிட்டவர்களாவோம்.

ஹாட்லியின் பழைய மாணவர் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் அவர்களை நினைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற டிராக் அவர்களோடு ஆராய்ச்சி செய்த கணித மேதை. 2001இல் மறையும்வரை சமன்பாடுகளோடு மட்டும் இருந்திருந்தாலும் அவருக்குப் புகழ் குறைந்திராது. அவரோ 1983 இனக்கலவரத்தின் பின் ஆஸ்திரேலியாவில் தமிழ்ச் சங்கங்களை ஒன்றிணைத்து, நம் மக்களின் துயரை அந்நாட்டவர் காதில் போடுவதில் தம் முதுமையைச் செலவிட்டார். அவருடைய புள்ளிகள் பரீட்சைத் தாள்களில் இருந்தன. இந்தக் குணம் அவருக்குள் இருந்ததை எந்தத் தாள் காட்டியிருக்கும்?

இருவர் கண்ட ஒரே வழி

குணத்துக்குப் பரிசில் கொடுக்க முயன்றவர்களுள் உலகறிந்தவர் செசில் ரோட்ஸ். 1902இல் இறந்த இவர் தம் மரண சாசனத்தின் மூலம் ஒக்ஸ்போர்ட்டில் புலமைப்பரிசில்களை ஏற்படுத்தினார். வெறும் புத்தகப் புழுக்களுக்கு அது போகக்கூடாது என்பது அவர் விருப்பம். உண்மை, துணிவு, கடமையுணர்வு, எளியவரைக் காக்கும் மனம், தலைமை தாங்கும் இயல்பு ஆகியவற்றுக்கும் புள்ளி உண்டு என எழுதிவைத்தார். (ஆபிரிக்க மக்களின் நிலத்தைப் பறித்துச் செல்வம் சேர்த்த ஒருவர் எளியவரைக் காக்கும் குணத்துக்குப் பரிசில் வைத்தார் என்பது நாம் மறக்கக்கூடாத முரண்பாடு. பெண்களுக்கு அந்தக் கதவு 1977இல்தான் திறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) அந்தச் சாசனத்தில் பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. படிப்பைப் பரீட்சை அளக்கட்டும், தலைமைப் பண்பை அதிபர் சொல்லட்டும், ஆனால் உண்மையும் இரக்கமும் உள்ளவன் யார் என்பதை உடன் படிக்கும் மாணவரே வாக்களித்துச் சொல்லட்டும் என்றார் ரோட்ஸ். நடைமுறையில் அந்த வாக்கெடுப்பு நிலைக்கவில்லை. நேர்முகத் தேர்வும் நற்சாட்சிக் கடிதங்களும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ரோட்ஸுக்குப் பல ஆண்டுகள் முன்பே இத்தாலியின் தூரின் நகரில் இதே வழியை ஒரு குருவானவர் கையாண்டிருந்தார். புனித தொன் போஸ்கோவின் இல்லத்தில், புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளன்று நன்னடத்தைக்குப் பரிசு வழங்குவார்கள். பரிசுக்குரியவர்களைத் தெரிவு செய்தவர்கள் குருக்களல்லர், பையன்களே. தங்களுக்குள் நல்லவர் யார் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். பேரரசு கட்டிய செல்வந்தரும் தெருப் பையன்களைக் கூட்டிவந்து வளர்த்த புனிதரும் எதிர்த் திசைகளில் நடந்தவர்கள். இந்த ஒரு விடயத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஆசிரியர் முன் நல்லவனாக நடப்பது கடினமல்ல. ஆசிரியர் வெளியே போனபின் வகுப்பில் நடப்பதை அறிந்தவர்கள் உடன் இருப்பவர்களே. திக்கிப் பேசும் பையனைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் இருந்தவன் யார்? சாப்பாடு கொண்டுவராத பிள்ளைக்குத் தன் பெட்டியை யாரும் காணாமல் நகர்த்தியவள் யார்? இவை எந்த நற்சாட்சிப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும்.

பதவியும் தலைமையும்

மாணவத் தலைவர் சின்னம் அணிந்தவரே தலைமைப் பண்பு உள்ளவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் குரல் பெரிது என்பதற்காகவோ, தகப்பனார் அறியப்பட்டவர் என்பதற்காகவோ கிடைத்த சின்னமாக அது இருக்கும்.

நம் பங்குகளில் இயங்கும் புனித வின்சென்ட் டி போல் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1833இல் பாரிஸ் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவன் பிரெடெரிக் ஓசானாம். விவாத மன்றத்தில் திருச்சபையின் பெருமைகளை அவன் எடுத்துரைத்தபோது, அதெல்லாம் பழங்கதை, இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வதென்ன என்று எதிரணியினர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவனைத் தைத்தது. சில நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்கு விறகும் பாணும் கொண்டுபோகத் தொடங்கினான். வழிகாட்டியவர் ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி. உலகெங்கும் பரவிய அந்தச் சபையின் முதல் தலைவர் ஓசானாம் அல்லர், வயதில் மூத்த பெய்யி என்பவர். ஓசானாம் பின்னரும் அச்சபையின் அகில உலகத் தலைவராக இருந்ததில்லை. 1997இல் அவரைத் திருச்சபை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. இன்றைய விண்ணப்பப் படிவம் ஒன்றில் “வகித்த பதவிகள்” என்ற கூட்டில் அந்த மாணவன் என்ன எழுதியிருப்பான்?

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1987இல் வடமராட்சி மக்கள் கோவில்களிலும் ஆலயங்களிலும் அடைக்கலம் புகுந்த நாட்களையும், 2004 மார்கழி 26இல் கடல் ஊருக்குள் வந்த நாளையும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். கிணற்றடியில் வரிசையை ஒழுங்குபடுத்தியவன், பால்மா வந்தால் முதலில் கைக்குழந்தைகளுக்கு என்று நின்றவள், இவர்களை எவரும் நியமித்ததில்லை.

இன்னொரு அநீதியையும் சொல்லவேண்டும். விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் வலையில் மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் முனைப் பையன் எந்த மன்றத்திலும் செயலாளராக இருக்க நேரமில்லை. தாய் கூலிவேலைக்குப் போக, மூன்று சகோதரங்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பாடம் சொல்லிக் கொடுக்கும் தும்பளைப் பிள்ளைக்கு மாலை நேரக் கூட்டம் ஏது? சமூகத் தலைமைக்கென்று பரிசில் வைத்து, மன்றச் சான்றிதழ்களை எண்ணித் தெரிவு செய்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே அது மறுபடியும் போய்ச் சேரும். புள்ளிக்குக் கொடுத்தபோது நடந்ததும் அதுதானே.

ஆண்டவரின் எச்சரிக்கை

இங்கே ஒரு தடையை நாம் ஒளிக்கக்கூடாது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். பிறர் காணச் செய்பவர்கள் தம் கைம்மாறைப் பெற்றாயிற்று என்றும் சொன்னார். அப்படியானால் நற்குணத்துக்குப் பணப்பரிசில் கொடுப்பது பிள்ளைகளை வேடதாரிகளாக்காதா? ஆக்கும், நாம் கவனமின்றிக் கொடுத்தால். விண்ணப்பம் கோரி, நான் செய்த நற்செயல்கள் என்று பிள்ளையைக் கொண்டே கட்டுரை எழுதுவிப்பது இந்த எச்சரிக்கைக்கு நேர் எதிரானது. அதே மலைப்பொழிவில்தான் விளக்கை மரக்காலின் கீழ் வைக்கவேண்டாம் என்ற போதனையும் உண்டு. விளக்கு தன்னைத் தண்டின்மேல் ஏற்றிக்கொள்வதில்லை. வீட்டார் ஏற்றுகிறார்கள்.

ஆகவே விண்ணப்பம் வேண்டாம். உயர்தர முதலாம் ஆண்டு வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் இரகசியமாக இரண்டு பெயரை எழுதட்டும். தன் பெயரை எழுதக்கூடாது. “யார் சிறந்தவர்?” என்று கேட்டால் பிரபலமானவர் பெயரே வரும். “உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போவாய்?” என்று கேட்கவேண்டும். வந்த பெயர்களை வகுப்பாசிரியரும், அந்தப் பிள்ளையின் அயலை அறிந்த ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும். அந்த அயலவர் குருவானவராக இருக்கலாம், கோவில் தர்மகர்த்தாவாக இருக்கலாம், கிராம அலுவலராகவும் இருக்கலாம். பரிசில் கத்தோலிக்கர் வைத்தது என்பதற்காகப் பிள்ளை கத்தோலிக்கராக இருக்கவேண்டியதில்லை. நல்ல சமாரியன் எந்தப் பங்கைச் சேர்ந்தவன்?

பணத்தை ஒரே நாளில் மேடையில் கொடுத்துப் படம் பிடிப்பதைவிடத் தவணைதோறும், பரீட்சை முடியும்வரை, வங்கிக் கணக்கில் போடுவது நல்லது. இறந்தவரைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒருமுறை இருந்து சொல்லவேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் யாருடையது என்று அறியாமலே பரிசில் பெறுகிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

இளைஞர் மன்றக் கூட்டத்தில் கலந்துரையாட: உங்கள் வகுப்பில் பதவி எதுவுமின்றிப் பிறருக்கு உதவுபவர் யார், அவரை உங்கள் ஆசிரியர்கள் அறிவார்களா? உடன் மாணவரின் வாக்கு எப்போது பிழைக்கக்கூடும்? சாதி, ஊர், நட்பு ஆகியவை அதில் புகாமல் காப்பது எப்படி? லூக்கா 22ஆம் அதிகாரத்தில், தங்களுள் பெரியவன் யார் என்று சீடர் வாதிட்டது எந்த இரவில், எந்த மேசையில் என்பதைத் தேடி வாசித்து வாருங்கள்.