சிவாலய ஓட்டமும் பிராணாயாமமும்

பிராணாயாமம் என்பது உயிர்ப்பை நெறிப்படுத்தல். திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்குமிடத்து, இயமம், நியமம், ஆதனம் என்பவற்றின் பின் நான்காம் உறுப்பாக இதனை வைத்தார். காற்றை உள்வாங்கல் பூரகம்; உள்ளே நிறுத்தல் கும்பகம்; வெளிவிடல் இரேசகம். இவற்றிற்கு முறையே 16, 64, 32 மாத்திரை அளவாம். விடுதல் வாங்குதலின் இருமடங்கு என்னும் இவ்வளவு, மேல்வரும் ஆராய்ச்சிக்கு வேண்டப்படுதலின் ஈண்டே நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்காலத்து மூச்சுப் பயிற்சியும் அதனோடு இயைந்த மெல்லிய உடலசைவும் உடல்நலங் கருதிப் பலவிடத்தும் கற்பிக்கப்படுகின்றன. கற்பார் பலர் இவை வழிபாட்டிற்குப் புறம்பானவை எனக் கொள்கின்றனர். சைவருட் சிலரோ இவற்றை வெறும் உடலோம்பலென்று இகழ்கின்றனர். இவ்விரு கொள்கையும் பொருந்தாமையை நாகர்கோவிலைத் தலைநகராகக் கொண்ட குமரி மாவட்டத்து வழக்கொன்றால் விளக்கப் புகுகின்றாம். அது சிவாலய ஓட்டம்.

மாசி மாதத்து மகாசிவராத்திரியை ஒட்டி, கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலுள்ள பன்னிரு சிவாலயங்களை அடியார் ஓடிச்சென்று வழிபடுவர். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்னும் தலங்களை முறையே தொழுது திருநட்டாலத்தில் நிறைவு செய்வர். வழித்தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காவியுடுத்து, கையில் பனையோலை விசிறி ஏந்தி, நோன்பிருந்து, நீராடி நீராடித் தொழுது, 'கோவிந்தா, கோபாலா' என்று அழைத்துக்கொண்டே ஓடுவர். இந்நாளில் ஊர்தியிற் செல்வாரும் பலர். எனினும் காலால் ஓடுவார் இன்றும் உளர்.

இதற்கு வழங்கும் வரலாறு வருமாறு: சிவபத்தியிற் சிறந்த புருடாமிருகத்தினிடம் சென்ற வீமன், திருமாலின் பெயரை உரக்கக் கூறினான். அது சினந்து துரத்திற்று. தன்பால் இருந்த பன்னிரண்டு உருத்திராக்கங்களுள் ஒன்றை அவன் நிலத்திடும்தோறும் ஆண்டு ஓர் இலிங்கம் தோன்ற, புருடாமிருகம் நின்று வழிபட்டுப் பின் தொடர்ந்தது. ஈற்றில் அரியும் அரனும் வேறன்மை காட்டப்பட்டது. இவ்வரலாற்றில் ஓட்டமும் நிலையும் மாறிமாறி வருதல் நோக்குக. ஓடுதற்கும் எல்லை உண்டு, அவ்வெல்லை சிவசந்நிதி.

அற்றேல், யோகம் அசைவற்றிருத்தலன்றோ, ஓடுவார்க்கு யோகம் யாண்டையது எனின், கூறுவாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் ஒவ்வொன்றும் நந்நான்காய்ப் பதினாறாம் என்பது சித்தாந்த நூல் துணிபு. அவற்றுள் சரியையில் யோகம் என ஒன்று உண்டு. அது தொண்டின்கண் நின்றே வழிபடு கடவுளை உள்ளத்து அழுத்துதல். கால் ஓடினும் உள்ளம் அடுத்த தலத்து மூர்த்தியிடத்து ஊன்றி நிற்பின், அவ்வோட்டம் சரியையில் யோகமாதற்கு இழுக்கில்லை.

சிவாலயத்திற்கு ஓடுவார் திருமாலை அழைத்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். திருமாலைச் சிவபெருமானது சத்தியாகக் கொள்ளுதல் சைவ மரபு. சுசீந்திரத்திறைவன் தாணுமாலயன் எனப் பெயர்பெற்றமையும் இந்நாட்டு உணர்வைக் காட்டும்.

இனி, அவ்வழைப்பு உயிர்ப்பிற்குச் செய்யும் உதவியை ஆராய்வாம். ஒலி வெளிவிடும் மூச்சால் எழுவது. ஆகலின் திருப்பெயரை நீட்டி அழைப்பவன் இரேசகத்தைத் தானே நீட்டினவனாகிறான், பூரகம் குறுகிநிற்கும். முன்னர்க் கூறிய அளவு, எண்ணாமலே ஒருவாறு அமைகின்றது. அன்றியும், ஆற்றலுக்கு மிஞ்சி ஓடுவானுக்கு வாய்விட்டு அழைத்தல் இயலாது. பெயர் தடைப்படும்போது வேகத்தைக் குறைத்தல் வேண்டும் என்பது தானே விளங்கும். பேசும் அளவிற்கு மூச்சு இடந்தரின் உழைப்பு மிதமானது என்று இக்கால உடற்பயிற்சி நூலாரும் கூறுவர்.

2001-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மருத்துவ அறிஞர் பெர்னார்டி முதலாயினார் 23 பேரை ஆராய்ந்து ஓருண்மை வெளியிட்டனர். கிறித்தவர் செபமாலை இலத்தீன் வேண்டுதலை ஓதினாலும், கீழ்நாட்டு மந்திரமொன்றை ஓதினாலும், உயிர்ப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆக அடங்கிற்று. குருதியழுத்தத்தை இதயம் ஒழுங்குசெய்யும் திறனும் மிகுந்தது. சமயம் வேறாயினும் ஓதுதலால் உயிர்ப்பு அடங்குதல் ஒக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

உடல்நலம் உலகப்பயனன்றோ, அதனை ஞானநூலிற் கூறல் என்னையெனின், திருமூலர் அதே தந்திரத்தில் காயசித்தி உபாயத்தையும் ஓதினார். உடம்பு இறைவன் உறையும் கோயிலாதல் உணர்ந்து அதனைப் பேணுதல் அவர் கருத்து. கோயிலின் மதில் இடிந்தவிடத்துப் பூசை செவ்வனே நடவாது. எனினும் மதிலைப் பேணி மூர்த்தியை மறத்தல் பேதைமை. உடல்நலத்திற்கென மூச்சடக்குவார்க்கும் அடியார்க்கும் உள்ள வேறுபாடு பயிற்சியில் இல்லை. அது எதன்பொருட்டு என்பதிலேயே உளது.

கும்பகத்தைப் பற்றி எச்சரிக்கை ஒன்று கூறுதும். 64 மாத்திரை நிறுத்தல் குருமுகமாகப் படிப்படியே பயிலற்பாலது. ஏடு நோக்கித் தொடங்கத்தக்கதன்று. இதயநோய், குருதிக்கொதிப்பு உடையாரும் கருவுற்றாரும் மூச்சை அடக்குதலை ஒழிக. நெடுவழி ஓட்டமும் பழகாதாரும் முதியோரும் மேற்கொள்ளற்பாலதன்று.

அன்னோர்க்கு நாள்தோறும் எளிதின் இயல்வது திருக்கோயில் வலம். நிறைசூலி எண்ணெய்க்குடம் ஏந்திச் செல்வதுபோல மெல்ல வலம்வருக என்பது பெரியோர் கூறும் முறை. அவ்வாறு நடக்குங்கால், ஐந்தடிக்குத் திருவைந்தெழுத்தை உள்ளத்தே ஒருமுறை எண்ணி மூச்சை வாங்குக. பத்தடிக்கு இருமுறை எண்ணி விடுக. கும்பகம் வேண்டா. நிமிடத்திற்கு 90 அடி நடப்பார்க்கு, 15 அடிக்கு ஓருயிர்ப்பாக 6 உயிர்ப்பு வரும். திருமூலர் கூறிய ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவும், 2001-இல் கண்ட எண்ணும் இவ்வலத்தில் ஒருங்கு கூடுதல் காண்க. மூச்சு முட்டுவார் எட்டடியிலோ ஆறடியிலோ விட்டு அமைக, வருந்தி நீட்டற்க.

ஆண்டுக்கொரு நாள் பன்னிரு தலம் ஓடுவானும், நாள்தோறும் ஒரு பிரகாரம் நடப்பானும் செல்லும் நெறி ஒன்றே. காலையும் மூச்சையும் இறைவன் பெயர் என்னும் ஒரு கயிற்றாற் பிணித்தலே அந்நெறி. மடங்களில் மாணாக்கர்க்குச் சாத்திரம் உரைக்கும் பெரியோர், பாடம் தொடங்குமுன் அவரை ஒருமுறை இவ்வாறு வலம்வரச் செய்வாராயின், உடலும் உயிர்ப்பும் ஒருங்கு அடங்கியிருந்து கேட்டல் கைகூடும் என்பது எம் துணிபு.