எந்தப் புத்தகத்துக்கு எந்தத் திரை

"சித்தப்பா, கண்ணு ரெண்டும் எரியுது. புளூ லைட் கண்ணாடி ஒண்ணு வாங்கிரட்டுமா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறிச் சத்தம். அது அடங்கி, இரவு பத்து மணிக்கு மேல்தான் அவளுக்குப் படிப்பு ஓடும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளிப் பாடப்புத்தகம் அத்தனையும் பிடிஎஃப்பாகப் போனில் வைத்திருக்கிறாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமுள்ள பக்கம் 7 சென்டிமீட்டர் திரைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அச்சில் 12 புள்ளி அளவில் இருக்கும் எழுத்து அதில் 4 புள்ளிதான். இந்த அளவில் தமிழ் படிப்பது தனிப் பாடு. மூன்று சுழி 'ண'வையும் இரண்டு சுழி 'ன'வையும் பிரித்துப் பார்த்தால்தான் 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியும். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குட்டிச் சுழியில் இருக்கிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கடுகைவிடச் சின்னது. சொல்லின் மொத்த வடிவத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே ஓடலாம்தான். ஆனால் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை ஒவ்வொரு சுழியையும் பார்த்தாக வேண்டும். அதனால் போன் முகத்தை நோக்கி வந்துகொண்டே இருக்கும். அவள் அதை ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தாள்.

எரிச்சலுக்குக் காரணம் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகி நிற்க வேண்டும். நெருங்க நெருங்க இறுக்கம் கூடும். அடுத்தது இமை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணீர்ப் படலம் உலர்ந்து கண் எரிகிறது. அவள் அறையில் மூன்றாவது ஒன்றும் இருந்தது: முகத்துக்கு நேராகச் சுற்றும் டேபிள் ஃபேன். இந்த ஊர் வெக்கைக்கு ஃபேன் இல்லாமல் முடியாது. ஆனால் இமைக்காத கண்ணில் காற்று அடித்தால், எந்தத் திரையானாலும் எரியத்தான் செய்யும். ஃபேனைக் காலுக்குத் திருப்புங்கள். செலவில்லாத முதல் வைத்தியம் அது.

புளூ லைட் கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2023இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அந்தக் கண்ணாடியால் கண்சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் அகாடமியும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தூக்கம் வேறு கணக்கு. படுக்கப் போகுமுன் மணிக்கணக்காக ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் பிந்துவதை 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. படித்தவர்கள் பன்னிரண்டே பேர். ஆனாலும் ராத்திரி வாசகர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி.

சரி, எதில் படிப்பது? கடைக்காரர் திரையின் தரத்தைச் சொல்லுவார். நான் முதலில் கேட்பது, நீங்கள் படிக்கப்போவது என்ன வகைக் கோப்பு என்பதை. தமிழ் வாசகருக்கு இது பெரிய கேள்வி. நம் பழைய நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த படங்களாகத்தான் இணையத்தில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அப்படி ஏராளம். பள்ளிப் பாடநூல்களும் பக்கம் மாறாத பிடிஎஃப்தான். இவற்றில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி, இடமும் வலமுமாக இழுத்துப் படிக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் வடிவம் கிடைக்கிறது. இந்த வகையில் எழுத்தை வேண்டிய மட்டும் பெருக்கலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும்.

எழுத்துப் பெருக்க முடிகிற கதைகளும் கட்டுரைகளும்தான் உங்கள் வாசிப்பு என்றால், மின்மை எனப்படும் இ-இங்க் திரைக்கு ஈடில்லை. இ-இங்க் நிறுவனம் 1997இல் தொடங்கியது; அந்தத் திரையுள்ள கிண்டில் 2007இல் வந்தது; தமிழ்ப் புத்தகங்கள் அதில் 2016 கடைசியில் விற்பனைக்கு வந்தன. அந்தத் திரைக்குள் பொடிப் பொடியான குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பு வெள்ளைத் துகள்கள். மின்னூட்டம் கறுப்பை மேலே இழுத்தால் எழுத்து, வெள்ளையை இழுத்தால் தாள். பக்கம் மாறிய பிறகு அது அப்படியே நிற்கும். துடிப்பு கிடையாது, பின்னாலிருந்து வெளிச்சமும் அடிக்காது. நம் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் அதுவும் வாங்கித் திருப்புகிறது.

அம்மா கண்புரை அறுவை செய்துகொண்டவர். போன் வெளிச்சம் கூசுகிறது என்று படிப்பதையே விட்டிருந்தார். இப்போது மத்தியானம் திண்ணையில், வேப்பமர நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் இடத்தில், மின்மைக் கருவியில் 'பொன்னியின் செல்வன்' படிக்கிறார். மதுரைத் திட்டத்தில் அது முழுதாகவே இருக்கிறது. எழுத்தை அவர் பெரிதாக்கி வைத்திருக்கும் அளவுக்கு ஒரு பக்கத்தில் நாற்பது சொல் தேறினால் அதிகம். நொடிக்கொரு தரம் பக்கம் திருப்புகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். அவருக்கு அது சுகம். போன் திரை கண்ணாடியாகி நம் முகத்தையே காட்டும் வெயிலில், இந்த எழுத்து இன்னும் துலக்கமாகும். கரண்ட் போனாலும் கவலையில்லை, ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். அதன் 'வெள்ளை' உண்மையில் சாம்பல். மங்கிய டியூப் லைட்டில் எழுத்து அமுங்கிப் போகும். முன்விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆறு அங்குலக் கருவியில் ஸ்கேன் புத்தகத்தைத் திறந்தால் படாத பாடு. ஒவ்வொரு இழுப்புக்கும் திரை மினுக்கி மெதுவாக மாறும். தேர்வுக்குப் படிப்பவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

அவர்களுக்கு உகந்தது பத்து அங்குல டேப்லெட். படுக்கைவாட்டில் வைத்தால் எழுத்து ஏறத்தாழ அச்சு அளவிலேயே நிற்கும். கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைக்கலாம். என் கணிப்பில், ஒளிரும் திரையா மின்மையா என்ற வித்தியாசத்தைவிட, ஒரு சாணுக்கும் ஒன்றரை அடிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பெரிது.

டேப்லெட் வாங்க வழியில்லையா? இங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. 2011இல் தொடங்கிய திட்டம் அது. 14 அங்குலம், 1366க்கு 768 புள்ளி என்ற கணக்குள்ள திரையில் ஓர் அங்குலத்துக்கு 112 புள்ளிதான் வரும். போனில் 270இலிருந்து 400 வரை. கிட்டப் போய்ப் பார்த்தால் 'ணீ' எழுத்தின் சுழிகள் படிக்கட்டு மாதிரி தெரியும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து, எழுத்தை ஒன்றரை மடங்காக்கினால் அந்தப் பிசிர் மறைந்துவிடும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் இமையும் தாழும், கண் உலர்வது குறையும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க: வெள்ளெழுத்துக் கண்ணாடி பொதுவாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குப் போட்டது. லேப்டாப் அதைவிடத் தள்ளி இருக்கும். பைஃபோகல் போட்டவர்கள் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கு ஆளாகிறார்கள். டேப் வைத்து உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988இலிருந்து இருக்கிறது. பஸ் ஏறிப் போய்வரும் தூரம்தான். ஒரு கண் மட்டும் மங்கினாலோ, வலியோ சிவப்போ இருந்தாலோ திரையைக் குறை சொல்லிக்கொண்டு நாள் கடத்தாமல் அன்றைக்கே போங்கள்.

போன்தான் கதி என்பவர்களுக்கு இரண்டு சொல். படுக்கைவாட்டில் திருப்புங்கள், பிடிஎஃப் எழுத்து அப்படியே இரண்டு மடங்காகிவிடும். ஓஎல்இடி திரை உள்ள போனில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைக்காதீர்கள். பெரும்பாலான போன்கள் வெளிச்சத்தைக் குறைக்க, திரையை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண் அதைப் பார்க்காது. ஆனால் சிலருக்குத் தலைவலி வருகிறது. அவர்களுக்கு எல்சிடி போன் மேல். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்று பலருக்குப் பிடிக்கிறது. தமிழுக்கு நான் அதை விரும்புவதில்லை. இருட்டுப் பின்னணியில் கண்பாப்பா விரிகிறது, சிதறல் பார்வை உள்ளவருக்கு வெள்ளை எழுத்து கசிகிறது, சுழிகளின் ஓட்டை அடைபடுகிறது. அறையில் ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு, வெளிர்ப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகப் படியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி உள்ள எதையாவது இருபது விநாடி பார்ப்பது பழைய யோசனை. தெருவாசலில் போய் நின்றால் போதும்.

கடைக்குப் போகும்போது உங்கள் புத்தகத்தில் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் மலைக்காட்சி வீடியோவை நிறுத்தச் சொல்லி அதைத் திறங்கள். கையை முக்கால் நீட்டிப் பிடித்து, 'கண்ணன்', 'மின்னணு' என்ற சொற்களைத் தேடிப் படித்துப் பாருங்கள். சுழிகளை எண்ண முடிகிறதா? முடியாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அண்ணன் மகள் பழைய டேப்லெட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிவிட்டாள். மேசையில் இரண்டு செங்கலுக்கு மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். ஃபேன் காலுக்கு அடிக்கிறது.