சைக்காலஜி படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பி.எஸ்ஸி. சைக்காலஜியில் இடம் கிடைத்த வாரமே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: என்ன லேப்டாப் வாங்குவது? இன்ஜினியரிங் முடித்த பெரியப்பா மகன் ஒன்று சொல்வார், கடைக்காரர் அதைவிட இருபதாயிரம் கூடுதலாக இன்னொன்று சொல்வார். சைக்காலஜி மாணவி அந்த இயந்திரத்தை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. கணக்குப் போடுவாள், ஆட்களை உட்கார வைத்துச் சின்னச் சோதனைகள் நடத்துவாள், பிறர் மனம் விட்டுச் சொன்னதைப் பதிவு செய்து வைப்பாள். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள குறிப்புகள்.

1. கடைக்குப் போவதற்கு முன் டிபார்ட்மென்டுக்குப் போங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. லேபில் என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள்? அதன் உரிமம் கல்லூரிக் கணினிகளுக்கு மட்டுமா, மாணவர்களின் சொந்த லேப்டாப்புக்கும் உண்டா? பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

2. 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம்; கையில் பணம் இருந்தால் 16. சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி. பிராசஸர் அண்மைக் கால ஐ3 அல்லது ரைசன் 3 இருந்தால் போதும், ஐ5 இருந்தால் தாராளம். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். ‘எதிர்காலத்துக்கு உதவும்’ என்று கேமிங் லேப்டாப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், பேட்டரியும் மதியத்துக்குள் இறங்கிவிடும். பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரி போகும் பிள்ளைக்கு ஒன்றரை கிலோவுக்குள் இருப்பதுதான் உண்மையான வசதி. மூளை ஸ்கேன் படங்களை அலசும் அளவுக்கு ஆராய்ச்சிக்குப் போனால் பெரிய இயந்திரம் தேவைதான். அந்த வேலை பெரும்பாலும் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியிலேயே நடக்கும். கடையில் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: “ரேமைப் பின்னாடி கூட்ட முடியுமா?” சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது இருக்கிற அளவுதான் கடைசிவரை.

3. டேப்லெட் படிக்க நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. குரோம்புக்கும் அப்படித்தான். துறைகளில் அதிகம் புழங்கும் புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் இரண்டிலும் ஓடாது.

4. மேக் வாங்கலாமா? எஸ்பிஎஸ்எஸ் மேக்கிலும் உண்டு. ஆனால் சோதனைகள் நடத்தப் பயன்படும் ‘இ-பிரைம்’ விண்டோஸுக்கு மட்டுமே. உங்கள் லேபில் அது இருந்தால் விண்டோஸே நிம்மதி. இல்லையென்றால் மேக்கில் குறை ஒன்றும் இல்லை, விலையைத் தவிர.

5. பழைய லேப்டாப் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அலுவலகங்கள் கழித்துக் கட்டிய நல்ல பிசினஸ் மாடல்கள் சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. அதனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும் இயந்திரமாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. அடுத்தது பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

6. அரசு லேப்டாப் வர வாய்ப்பிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நடுவில் நின்றுபோனது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினியோ டேப்லெட்டோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு மாணவர் என்பதையெல்லாம் அலுவலகத்தில்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

7. எஸ்பிஎஸ்எஸ்ஸுக்குத் திருட்டுப் பதிப்பு தேடாதீர்கள். 1968-ல் அமெரிக்காவில் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்காக உருவானது அது. 2009-ல் ஐபிஎம் வாங்கியது. விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் ‘கிராக்’ பதிப்பு பென் டிரைவ் பென் டிரைவாக ஹாஸ்டல் முழுக்கச் சுற்றும். கூடவே வைரஸும் சுற்றும். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஃபைல்கள் பூட்டிக்கொண்டால் அழுவதைத் தவிர வழியில்லை.

இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஜாஸ்ப்’, அதே போன்ற ‘ஜமோவி’ இரண்டும் இளங்கலைக்கு வேண்டிய டி-டெஸ்ட், அனோவா, கோரிலேஷன், ரிக்ரஷன் எல்லாவற்றையும் செய்யும். எஸ்பிஎஸ்எஸ் ஃபைலை நேரடியாகத் திறக்கும். என் யோசனை: துறை எஸ்பிஎஸ்எஸ்தான் வேண்டும் என்றால் லேபில் அதில் செய்யுங்கள்; வீட்டுக்கு வந்து அதே டேட்டாவை ஜாஸ்ப்பில் போட்டு விடை ஒத்து வருகிறதா என்று பாருங்கள். ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் ஏதாவது ஒரு நெடுவரிசையைத் தப்பாகக் குறித்திருப்பீர்கள். பொத்தானை அமுக்கி எண்ணை எழுதுவது வேறு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிவது வேறு. இரண்டாவது வேண்டும் என்பவர்கள் ‘ஆர்’ மொழியைத் தொட்டுப் பார்க்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் 1990-களில் உருவாக்கியது, அதுவும் இலவசம். முதல் மாதம் எரிச்சல் வரும். வரட்டும்.

8. சோதனைகளை நீங்களே உருவாக்கிப் பாருங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கிய ‘சைக்கோபை’ இலவசம். அதன் ‘பில்டர்’ பகுதியில் கோடிங் தெரியாமலே, இதற்குப் பின் இது வரட்டும் என்று கட்டங்களாக அடுக்கிவிடலாம். ஸ்ட்ரூப் சோதனையில் தொடங்குங்கள்: பச்சை மையில் எழுதிய ‘சிவப்பு’ என்ற சொல்லைக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட அந்தச் சோதனையை, தமிழ்ச் சொற்களை வைத்து வீட்டிலேயே செய்யலாம். தமிழ் வழியில் படித்த அம்மாவையும் ஆங்கில மீடியத்தில் படிக்கும் தம்பியையும் உட்கார வைத்து, தமிழ்ச் சொல் யாரை அதிகம் தடுமாற வைக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் நல்ல புராஜெக்ட் கேள்வி ஒன்று அங்கிருந்து பிறக்கும். ஒரு சின்ன உபாயம்: திரையில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், சொல்லைப் படமாகச் சேமித்து, படமாகவே காட்டுங்கள்.

9. நேரத்தை அளக்கும் சோதனை என்றால் லேப்டாப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. சாதாரண திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு படம் குறைந்தது 16.7 மில்லி செகண்டாவது திரையில் நிற்கும், அதன் மடங்குகளில்தான் கூடும். ‘40 மில்லி செகண்ட் காட்டினேன்’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் அது நடக்கவே முடியாது. 33 அல்லது 50தான். வைவாவில் யாராவது இதைக் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும். 1879-ல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைக்கூடம் தொடங்கிய காலத்திலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை அளக்கும் ஹிப் கடிகாரம் புழக்கத்தில் இருந்தது. அந்த அக்கறை நமக்கும் வேண்டாமா?

செய்ய வேண்டியவை எளியவை. கலந்துகொள்ளும் எல்லோருக்கும் ஒரே லேப்டாப். சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது இயந்திரம் தன்னைத் தானே வேகம் குறைத்துக்கொள்ளும். வைஃபை, நோட்டிஃபிகேஷன், பின்னால் ஓடும் அப்டேட் எல்லாம் நிறுத்தி வையுங்கள். தொடுதிரையில் பதில் வாங்க வேண்டாம், கீபோர்டு மேல். அறையின் வெளிச்சமும் திரையின் பிரகாசமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

10. தமிழில் வினாப்பட்டியல் தயாரிப்பவர்கள் யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். டிடிபி சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால், கூகுள் ஃபார்மில் ஒட்டியதும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் வேகம் தானாக வரும். ஆங்கில அளவுகோலை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரை விட்டுத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி இதற்கு உதவாது. உருவாக்கியவரின் அனுமதியும் முன்பே வாங்குங்கள்; காசு கொடுத்து வாங்க வேண்டிய சோதனைகளை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறு.

11. இனி வருவதுதான் இந்தப் பட்டியலிலேயே முக்கியம். வேறு துறை மாணவரின் லேப்டாப் தொலைந்தால் நஷ்டம் அவருக்கு. சைக்காலஜி மாணவரின் லேப்டாப் தொலைந்தால் நஷ்டம் அவரை நம்பிப் பேசியவர்களுக்கு. கணவனிடம் அடி வாங்கியதைச் சொன்ன பக்கத்துத் தெருப் பெண்ணின் குரல் பதிவு அதில் இருக்கலாம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மாணவர் புராஜெக்டுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், பழக்கம் முதலாம் ஆண்டிலேயே வர வேண்டும்.

வீட்டில் ஒரே லேப்டாப்பை நான்கு பேர் பயன்படுத்துகிறீர்களா? பிள்ளைக்குத் தனி யூசர் கணக்கும் பாஸ்வேர்டும் போடுங்கள். அப்பா அம்மா அதைக் கேட்கக் கூடாது. வட்டைப் பூட்டும் வசதியை இயக்குங்கள்: விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். ஃபைல் பெயரில் ஆளின் பெயரோ ஊரோ வேண்டாம். ‘ப01’, ‘ப02’ என்று குறியீடு போதும். எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் லேப்டாப்பிலேயே இருந்தால் குறியீடு வைத்ததில் அர்த்தமில்லை. ஒப்புதல் படிவத்தைப் போனில் படம் எடுத்தால் அது தானாக கிளவுடில் ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். குடும்பத்தோடு பகிர்ந்த கூகுள் போட்டோஸ் ஆல்பத்தில் போய் நின்ற படிவங்கள் உண்டு. சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும் முன் அந்த ஃபோல்டரை வெளியே எடுத்துவிடுங்கள். “பாஸ்வேர்டை ஒட்டிக் கொடுங்க சார்” என்று கேட்பது அங்கே வழக்கம்.

12. ஏஐ சாட்பாட்டிடம் கோட்பாடு விளக்கம் கேட்கலாம். கேஸ் குறிப்பை அதில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்தக் குறிப்பு வீட்டை விட்டு வெளியே போகிறது. சாட்பாட் தரும் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்த பிறகே சேருங்கள், இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோல் எழுதித் தரும். எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட ‘எலிசா’, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல்தான். அதனுடன் பேச உட்கார்ந்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பினாராம். சைக்காலஜி மாணவருக்கு அந்தச் செயலாளரின் மனம்தான் பாடம்.

13. மேற்கோள் பட்டியலைக் கையால் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். ‘சொட்டெரோ’ இலவசம், ஏபிஏ ஏழாம் பதிப்பு முறையில் அதுவே போட்டுத் தரும்.

14. “மனசைப் படிக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?” என்று தாத்தா கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு வித்திட்ட லிக்லைடர் சைக்காலஜிஸ்ட். 1958-ல் செயற்கை நரம்பு வலையமைப்பான பெர்செப்ட்ரானை முன்வைத்த ஃபிராங்க் ரோசன்பிளாட்டும் அப்படியே. ஏஐ ஆய்வுக்காக 2024-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் படித்தது எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி. பக்கத்திலேயே வேண்டுமென்றால் மைசூர்: பல்கலைக்கழக சைக்காலஜி பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-ல் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கே புழங்கி, பிறகு அகில இந்திய வானொலிக்குப் போனது.

15. புராஜெக்ட் ஃபைல் மூன்று இடத்தில் இருக்கட்டும்: லேப்டாப், பூட்டிய வெளி வட்டு, கல்லூரி மின்னஞ்சல் கணக்கின் கிளவுட். குரல் பதிவுகள் மட்டும் முதல் இரண்டு இடங்களில் போதும். வெளி வட்டை லேப்டாப் பையில் வைக்காதீர்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.