சுற்றுகளை எண்ணிய அறிஞர்

சத்தியமங்கலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில், மின்பொறிகள் வருவதற்கு முன்னர், எள்ளும் நிலக்கடலையும் மரச்செக்கிலிட்டு ஆட்டப்பெற்றன. நடுவே உரல் நாட்டப்பட்டிருக்கும். அதனைச் சுற்றி எருது காலை முதல் மாலை வரை நடந்துகொண்டேயிருக்கும். பயனின்றி ஓரிடத்திலேயே உழல்வோனைச் 'செக்குமாடு' என்று நம்மவர் இகழ்வதுண்டு. எண்ணெய் தந்த எருதை இவ்வாறு இகழ்ந்தது முறையன்று. கணித அறிஞன் ஒருவன் அவ்வெருதின் நடையைக் காண நேரின் இகழான். அதன் சுற்றுகளை எண்ணத் தொடங்குவான்.

அவ்வெருதின் பின்னே நீண்ட கயிறொன்று தரையில் விழுந்துகொண்டே வருவதாகக் கொள்வோம். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்துவிட்டால், அஃது உரலைச் சூழ்ந்த வளையமாகும். அவ்வளையத்தைத் தரையினின்றும் தூக்காமல் இழுத்துச் சுருக்கினால், உரலின் அளவுக்குச் சுருங்குமேயன்றி அதற்குமேற் சுருங்காது. வெறுங்களத்தில் இட்ட வளையமோ ஒரு புள்ளியாகவே சுருங்கிவிடும். நடுவில் உரல் உண்டா இல்லையா என்பதைக் கயிறே சொல்லிவிடுகின்றது. இனி எருதை மும்முறை வலமாகவும், பின்னர் இருமுறை இடமாகவும் சுற்றச் செய்க. சிக்கல் நீங்கக் கயிற்றை இழுத்துப் பார்த்தால் எஞ்சுவது ஒரு சுற்றே. மூன்றில் இரண்டு கழிந்தது. இடத்தின் வடிவம் எண்ணாக மாறிற்று!

நீளத்தையும் கோணத்தையும் கருதாமல், வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத இயல்புகளை ஆராயும் கணிதப் பகுதி இடவியல் எனப்படும். அவ்வியல்புகளைக் கூட்டல் கழித்தல் போன்ற செயல்களாக மாற்றிக் காணும் பிரிவு இயற்கணித இடவியல் ஆகும். ஓரிடத்தில் அமையக்கூடிய சுற்றுகள் அனைத்தையும் தொகுத்து, அத்தொகுதியை 'அடிப்படைக் குலம்' என 1895-ஆம் ஆண்டில் வகுத்தவர் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் போன்காரே. அச்சுற்றுகளைக் கருவியாகக் கொண்டு, உலகம் போற்றும் உண்மையொன்றை நிலைநாட்டியவர் இருவர். அவ்விருவரும் நம் தமிழகத்தினர்.

முடும்பை சேஷாசலு நரசிம்மன் 1932-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் தண்டரை என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருடைய குடும்பம் அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. உடன்பிறந்தார் ஐவருள் அவரே மூத்தவர். நாட்டுப்புறப் பள்ளிகளிலேயே அவருடைய தொடக்கக் கல்வி நடந்தது. அதே ஆண்டு பிப்பிரவரி 29-ஆம் நாள் காஞ்சிபுரத்திற் பிறந்தவர் சேஷாத்திரி. நான்காண்டுக்கு ஒருமுறையே பிறந்தநாள் வாய்க்கப்பெற்ற அவர், வழக்கறிஞரான தந்தையார் வாழ்ந்த செங்கற்பட்டில் வளர்ந்தார். இருவரையும் ஒன்றுசேர்த்தது சென்னை இலயோலாக் கல்லூரி.

அக்கல்லூரியில் ரசீன் பாதிரியார் என்னும் பிரெஞ்சுத் துறவி கணிதம் கற்பித்து வந்தார். பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெரும் புலவரிடம் பயின்று, 1937-ஆம் ஆண்டில் இந்தியா வந்தவர் அவர். அந்நாளிற் கல்லூரிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் வகுத்த பழைய தேர்வுமுறையையே பின்பற்றியிருந்தன. கடினமான கணக்குகளை விரைந்து செய்வோன் எவனோ அவனே கணித வல்லுநன் என்று எண்ணிய காலம் அது. ரசீன் பாதிரியாரோ, பிரான்சில் அப்போது முளைத்துக்கொண்டிருந்த புதுக்கணிதத்தைப் பற்றித் தம் மாணவர்க்கு எடுத்துரைத்தார். தேர்வில் வாரா வினாக்களைப் பற்றி ஓர் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு எத்துணைப் புதுமையாய் இருந்திருக்கும்!

படித்து முடித்த இளைஞர் அரசுப் பணியையே பெரிதாக நாடிய அந்நாளில், 1953-ஆம் ஆண்டு, இருவரும் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தனர். ஹோமி பாபா அவர்கள் 1945-இல் தோற்றுவித்த அந்நிலையத்திற்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. 'இந்தியாவின் நுழைவாயில்' என்னும் வளைவை அடுத்த பழைய படகுக் கழகக் கட்டடத்திலேயே அது நடைபெற்றது. கணிதப் பகுதியை நடத்தியவர் கே. சந்திரசேகரன். அவர் மேலை நாட்டு அறிஞர்களை அழைத்து விரிவுரை நிகழ்த்தச் செய்வார். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெழுதி நூலாக்குவது மாணவர் கடமை. கேட்டதைத் தெளிவாக எழுதவேண்டுமாயின், சொன்னவர் விட்ட இடங்களையும் கேட்டவரே நிரப்பியாக வேண்டும். சிறந்த பயிற்சி இது. 1955-இல் லோரான் சுவார்ட்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் நிகழ்த்திய விரிவுரைகளை இவ்வாறு எழுதியவர், அப்போது 23 வயதே நிரம்பிய நரசிம்மன்.

1957-இல் இருவரும் பாரிசு நகரம் சென்று மூன்றாண்டுகள் தங்கினர். ஷெவல்லே, செர், குரோத்தண்டீக் முதலியோர் கணிதத்தின் அடிப்படைகளையே மாற்றி அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. செர் 1955-இல் எழுப்பிய ஒரு வினாவிற்கு, இரு மாறிகள் அமைந்த நிலையில் விடை கண்டு 1958-இல் வெளியிட்டார் சேஷாத்திரி. மாறிகள் எத்துணையாயினும் பொருந்தும் முழு விடை கிட்டியது 1976-இல்தான் என்பதை நோக்க, அவ்வினாவின் அருமை விளங்கும். நரசிம்மனுக்கோ அந்நகரில் இடையூறொன்று நேர்ந்தது. நுரையீரலுறை அழற்சி கண்டு அவர் மருத்துவமனையிற் கிடக்க நேரிட்டது. அங்கே உடனிருந்த நோயாளிகள் உழைக்கும் மக்கள். கல்விக்கூடத்திற் காணாத பிரான்சைத் தாம் அங்கே கண்டதாக அவர் பிற்காலத்திற் கருதினார். நோய் அவருடைய ஆராய்ச்சியை முடக்கிவிடவில்லை. கொட்டாக்கே என்னும் சப்பானிய அறிஞரோடு சேர்ந்து அவர் கண்ட தேற்றம், அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

1960-இல் இருவரும் பம்பாய் மீண்டனர். அவர்தம் கருத்தைக் கவர்ந்தது புதிய நூலொன்றன்று. 1938-இல் ஆந்திரே வெய்யில் எழுதிய பழைய கட்டுரை. அவ்வெய்யில் 1930 முதல் 1932 வரை நம் நாட்டு அலிகார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்கட்டுரை கூறுவது யாது? பனையோலை நறுக்கொன்றை வளைத்து இரு முனைகளையும் ஒட்டினால் வளையமாகும். ஒட்டுமுன் ஒரு முனையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் வேறொரு வடிவமாகும். முதல் வளையத்தின் குறுக்கே ஓர் அம்பை வைத்து ஒரு சுற்று நகர்த்திக் கொணர்ந்தால், அது புறப்பட்டபடியே வந்து சேரும்; இரண்டாவதில் தலைகீழாகி வந்து சேரும். ஒரு சுற்றுக்கு அம்பு அடையும் திருப்பம் எது என்று அறிந்தால், ஓலை எவ்வாறு ஒட்டப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். இவ்வாறு ஒரு வடிவத்தின் புள்ளிதோறும் நிற்கும் கோடுகளின் தொகுதியைத் திசையன் கற்றை என்பர். கோட்டிற்கு மாறாகப் பல பரிமாணங்கள் உடைய வெளிகள் நிற்பதும் உண்டு. உளுந்துவடை போன்று துளையுடைய பரப்புகளின்மீது, துளை ஒன்றாயினும் பலவாயினும், இத்தகைய கற்றைகளுள் எவை சுற்றுகளின் திருப்பத்தால் விளைவன என்பதே வெய்யில் ஆராய்ந்த பொருள்.

அம்பின் நீளத்தை மாற்றாத திருப்பங்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டனர் நம் அறிஞர் இருவரும். அவற்றால் விளையும் கற்றைகள் ஒழுங்காக அமைவதைக் கண்டனர். எனினும், சுற்றுகளைப் பற்றி ஒன்றும் கேளாமல் கற்றையை மட்டும் பார்த்து, 'இது அவ்வகையினது' என்று எவ்வாறு சொல்வது? அதற்குரிய அடையாளம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1962-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலகக் கணித மாநாட்டில், டேவிட் மம்ஃபோர்டு என்னும் இளைஞர் 'நிலைத்த கற்றை' என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் சுற்றுகளையும் திருப்பங்களையும் நினைத்து அதனை வகுக்கவில்லை. கற்றைகளை வகைப்படுத்தும் வடிவியல் நோக்கமே அவருக்கு இருந்தது. அவருடைய நிலைத்த கற்றைகளும், தாம் ஆராய்ந்த திருப்பக் கற்றைகளும் ஒன்றே என்பதைப் பம்பாயில் இருந்த இருவரும் உணர்ந்தனர். உணர்தல் எளிது, நிறுவுதல் அரிது. நிறுவிய கட்டுரை 1965-இல் 'அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' என்னும் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. அப்போது இருவருக்கும் வயது 33. சுற்றுகளை எண்ணும் இடவியலும், சமன்பாடுகளை ஆராயும் இயற்கணித வடிவியலும் அத்தேற்றத்திற் கைகோத்தன.

பின்னாளில் இருவருக்கும் பெருமைகள் பல வந்து சேர்ந்தன. சேஷாத்திரி 1989-இல் சென்னையில் ஒரு கணித நிலையத்தைத் தோற்றுவித்தார். கருநாடக இசை பாடுவதிலும் வல்லவராய் விளங்கினார். 2020-ஆம் ஆண்டு சூலை 17-இல் அவரும், 2021-ஆம் ஆண்டு மே 15-இல் நரசிம்மனும் மறைந்தனர்.

அவர்தம் தேற்றம் வெளிவந்த 1965-இல் இங்கிலாந்தில் சைமன் டொனால்டுசன் என்னும் சிறுவனுக்கு வயது 8. அவன் வளர்ந்து, 1983-இல் அதே தேற்றத்திற்கு முற்றிலும் வேறான, இயற்பியற் கருத்துகளோடு தொடர்புடைய ஒரு நிறுவலைக் கண்டான். கட்டுரையின் தலைப்பிலேயே நரசிம்மன், சேஷாத்திரி என்னும் இரு பெயர்களையும் பொறித்தான். 2006-ஆம் ஆண்டின் பைசல் மன்னர் பரிசு அறிவியலுக்காக இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, ஒரு பங்கு டொனால்டுசனுக்கும் மறு பங்கு தண்டரையிற் பிறந்த நரசிம்மனுக்கும் கிடைத்தது.