வெரியை விரட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலகப் பயிற்சி வகுப்பில் கொடுத்ததாக நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 'வெரி டயர்ட்' என்று எழுதாதே, 'எக்ஸாஸ்டட்' என்று எழுது; 'வெரி கோல்ட்' கூடாது, 'ஃப்ரீஸிங்' போடு; 'வெரி ஸாட்' வேண்டாம், 'டெவஸ்டேட்டட்' என்று சொல். இப்படியே ஒரு பக்கம். இதை மனப்பாடம் செய்தால் இங்கிலீஷ் மெருகேறுமா என்று கேட்டிருக்கிறாய். ஏறாது. ஒரு கோப்பு தாமதமானதற்கு வாடிக்கையாளரிடம் வருத்தம் தெரிவிக்கப்போய் 'டெவஸ்டேட்டட்' என்று எழுதினாயானால், உன் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து அவர் ஆறுதல் சொல்லி பதில் போடுவார்.

இந்த வெரி வெறுப்பு புதிதல்ல. 1989இல் வந்த 'டெட் போயட்ஸ் சொசைட்டி' படத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்த ஆசிரியரும் வெரி என்பது சோம்பேறித்தனம் என்று வகுப்பில் சொல்வார். படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஆசிரியர் பையன்களை உசுப்பிவிடுகிறார்; மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தரவில்லை. அந்த வித்தியாசம் பட்டியல்காரர்களுக்குப் பிடிபடுவதில்லை.

டயர்ட் என்பது ஏணிப்படி மாதிரி. கொஞ்சம், நிறைய, ரொம்ப என்று அதில் ஏறலாம், இறங்கலாம். எக்ஸாஸ்டட் என்பது அந்த ஏணியின் உச்சி. அதற்கு மேல் படி கிடையாது என்பதால்தான் 'வெரி எக்ஸாஸ்டட்' காதில் இடறுகிறது. 'அப்சலூட்லி எக்ஸாஸ்டட்' இடறுவதில்லை. உன் பட்டியல் செய்கிற கெடுதல் இதுதான்: நடுப்படிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு எல்லோரையும் உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மனிதர்கள் பெரும்பாலும் நடுப்படியில்தானே தம்பி இருக்கிறார்கள்?

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1901இல் ஸ்டோஃபல் என்ற டச்சு அறிஞர் வெரி போன்ற மிகுதிச் சொற்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்றாலே சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். பழைய இங்கிலீஷில் இந்த வேலையைச் செய்தது 'ஸ்வித்தே' என்ற சொல். 'பலமாக' என்று பொருள். அது செத்தே போனது. பிறகு 'ஃபுல்', 'ரைட்' எல்லாம் முறை போட்டு அந்த இடத்துக்கு வந்தன. வெரி பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்குப் பொருள் 'உண்மையான' என்பது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் காலத்திலும் அதுதான் முதன்மைப் பொருள். 'தி வெரி மேன்' என்று சொல்லும்போது அந்தப் பழைய வாசனை இன்றும் வரும். ரியலி, ட்ரூலி இரண்டும் அதே வழியில் வந்தவை. நாமும் 'நெஜமாவே நல்லா இருக்கு' என்றுதானே அழுத்துகிறோம்? இன்னொரு வழி அச்சத்தின் வழி: ஆஃபுலி, டெரிப்ளி, ட்ரெட்ஃபுலி. 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று காலையிலிருந்து இரவு வரை சொல்லும் உன் தலைமுறைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் உறு, தவ, நனி மூன்றையும் மிகுதிப் பொருளில் சேர்த்து வைத்தார். தவவும் நனியும் செய்யுளோடு நின்றுவிட்டன. தெருவில் நடமாடுவது 'செம'.

இதில் என் செல்லச் சொல் 'வாஸ்ட்லி'. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதற்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டும். மகிழ்ச்சியா, வாஸ்ட்லி; வருத்தமா, அதுவும் வாஸ்ட்லி. மகனுக்குக் கடிதங்கள் எழுதிப் பேர் பெற்ற செஸ்டர்ஃபீல்ட் பிரபு 1754இல் 'தி வேர்ல்ட்' வார இதழில் இதைக் கிண்டலடித்தார். ஒரு சீமாட்டி சின்னஞ்சிறு பொடி டப்பாவைப் பார்த்து, வாஸ்ட்லி சிறியதாக இருப்பதால் வாஸ்ட்லி அழகு என்றாளாம்! 'பரந்து விரிந்த' என்ற பொருளுள்ள சொல்லைப் பொடி டப்பாவுக்குச் சூட்டியிருக்கிறாள் பார். அந்த வாஸ்ட்லி இன்று என்ன ஆனது? சுப்பீரியர், டிஃபரண்ட் போன்ற ஒப்பீட்டுச் சொற்களோடு ஒண்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது. அடக்கமான வெரி மட்டும் இன்னும் நாற்காலியில் இருக்கிறது. பளபளப்பான சொல்லைத்தான் எல்லோரும் தூக்குகிறார்கள். தூக்கத் தூக்க அது தேய்கிறது. இதுவே என் கட்சி.

பிரபு பழியைப் பெண்கள் தலையில் போட்டதில் எனக்கு உடன்பாடில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் வசனங்களை ஆராய்ந்து டாலியமான்டே, ராபர்ட்ஸ் இருவரும் 2005இல் எழுதிய கட்டுரையிலும், 'ஸோ'வை அதிகம் சொன்னவர்கள் பெண் பாத்திரங்கள்தாம். ஆனால் கட்டுரையாளர்கள் அதைப் புதுமைக்கு முன்னோடி என்கிறார்கள், குற்றம் என்று சொல்லவில்லை. நுட்பமாகப் பார்த்தவர் ஜேன் ஆஸ்டின். 'நார்த்தாங்கர் அபே'யில் இஸபெல்லா வாயைத் திறந்தால் அமேஸிங்லியும் எக்ஸெஸிவ்லியும் கொட்டும். அவளுடைய அன்பு போலி என்பதை ஆசிரியர் நமக்குக் காட்டிக்கொடுக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஒருமுறை படி. தேர்வுக்காக அல்ல.

பட்டியலுக்குப் பதிலாக நீ கவனிக்க வேண்டியது எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை. குளிருக்கும் ஏமாற்றத்துக்கும் பிட்டர்லி வரும், மகிழ்ச்சிக்கு வராது. ஹைலி அன்லைக்லி உண்டு, ஹைலி ஹேப்பி கிடையாது. அட்டர்லி பெரும்பாலும் கெட்டதோடுதான் சேரும்: அட்டர்லி ரிடிக்குலஸ். தூங்குகிறவன் ஃபாஸ்ட் அஸ்லீப், விழித்திருப்பவன் வைட் அவேக். மாற்றிப் போட்டுப் பார், சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்று என்று அச்சடித்து விற்பவர்களை என்ன சொல்ல! படிக்கும்போது சொல்லைத் தனியாகக் குறிக்காதே, ஜோடியாகக் குறித்து வை. எதுவும் தோன்றாத இடத்தில் தயங்காமல் வெரி போடு. பல இடங்களில் அதுவும் வேண்டாம். வெறும் 'டயர்ட்' போதும்.

நம் கல்லூரிகளில் பாராட்டாக ஓடும் 'டூ குட்' விஷயத்தில் கொஞ்சம் கவனம். வெளிநாட்டவர் காதில் டூ என்றால் முதலில் 'அளவுக்கு மீறி' என்றுதான் விழும்.

கடைசியாக, உன் அறிக்கையில் லண்டன் மேலாளர் 'க்வைட் குட்' என்று எழுதியதைச் சொல்லிப் பூரித்திருந்தாய். பிரிட்டிஷ்காரர் எழுதினால் அது பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவுதான். அமெரிக்கர் எழுதினால் நல்ல பாராட்டு. லண்டனில் இருப்பவர் எல்லாம் லண்டன்காரர் அல்ல. அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துவிட்டு ஸ்வீட் வாங்கு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்